சிறு அணிலும் பெரிய கடல் நாகமும்

"ஒரு கை தட்டினால் ஓசை எழாது" என்பது நம் முன்னோர் மொழிந்த பழமொழி. ஓசை எழ இரண்டு கைகள் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த இரண்டு கைகள் என்பதைப் பழமொழி சொல்லவில்லை. வலிமை மிக்க இருவர் சேர்ந்தால் போதுமா? அல்லது ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்யும்படி சேர வேண்டுமா? இந்த வினாவுக்கு விடை தேட நாம் பெரிய நூல்களைப் புரட்டலாம், வரலாற்றைப் படிக்கலாம். இக்கட்டுரையிலோ, நம்மில் பலர் கையில் வைத்து விளையாடும் ஒரு வீடியோ விளையாட்டையே பாடமாகக் கொள்வோம். அதன் பெயர் போக்கிமான்.

"விளையாட்டில் என்ன பாடம்? பொழுதுதானே போகும்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அளவின்றி ஆடினால் பொழுதும் போகும், கண்ணும் போகும். ஆனால் சதுரங்கத்தைப் போலவே இவ்விளையாட்டிலும் கணக்கு உண்டு, திட்டம் உண்டு, பொறுமை உண்டு. உலகப் போட்டிகளும் உண்டு. அப்படிப்பட்ட போட்டியொன்றில், நாலு கிலோகூட எடையில்லாத ஒரு சிறு அணில் எவ்வாறு வெற்றிக்குத் துணை நின்றது என்பதைக் காண்பதே நம் நோக்கம்.

விளையாட்டின் வரலாறு

போக்கிமான் 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஜப்பான் நாட்டில் வெளியாயிற்று. இதனைப் படைத்தவர் சடோஷி தஜிரி. சிறு வயதில் வண்டுகளையும் பூச்சிகளையும் தேடிப் பிடித்துச் சேர்ப்பதில் அவருக்கு அளவற்ற ஆர்வம். அந்த மகிழ்ச்சியை நகரத்துச் சிறுவர்களும் பெற வேண்டும் என்ற எண்ணமே விளையாட்டாக மலர்ந்தது. 'சட்டைப்பை அரக்கர்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே போக்கிமான். அரக்கர் என்றதும் அஞ்ச வேண்டாம்! அணில், தவளை, மீன், பறவை, காளான் என நாம் அறிந்த உயிர்களின் சாயலில் கற்பனையாகப் படைக்கப்பட்ட உருவங்களே இவை.

தொடக்கத்தில் ஒரு போக்கிமானும் மற்றொரு போக்கிமானும் நேருக்கு நேர் மோதும் முறை மட்டுமே இருந்தது. 2002-ஆம் ஆண்டு வெளியான ரூபி, சஃபையர் என்னும் பதிப்புகளில்தான் இருவருக்கு இருவர் மோதும் இரட்டையர் ஆட்டம் புகுத்தப்பட்டது. இச்சிறு மாற்றம் விளையாட்டின் தன்மையையே மாற்றிவிட்டது. அதுவரை "என் போக்கிமான் எவ்வளவு வலியது?" என்பதே கேள்வி. அதன் பின்னரோ, "என் போக்கிமானின் பக்கத்தில் நிற்பது யார்?" என்பது கேள்வியாயிற்று. 2009-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் அதிகாரபூர்வமான உலகப் போட்டிகளில் இந்த இரட்டையர் ஆட்டமே ஆடப்படுகிறது.

ஆட்ட விதிகள்

விளையாடாதவர்களுக்காகச் சில விதிகளைச் சொல்லிவிடுவோம். ஒவ்வொரு போட்டியாளரும் ஆறு போக்கிமான்கள் கொண்ட அணியுடன் வருவார். ஒரே இனப்பெயர் இருமுறை வரக்கூடாது. ஒரே உதவிப் பொருளை இரண்டு போக்கிமான்கள் ஏந்தக்கூடாது. ஆட்டத்துக்கு முன் எதிரியின் அணியில் உள்ளவை எவை என்பதைப் பார்த்து, தம் ஆறில் நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்நான்கில் இரண்டு களத்தில் நிற்கும். இரண்டு பின்னே காத்திருக்கும். ஒவ்வொரு போக்கிமானும் நான்கு வித்தைகளை மட்டுமே கொண்டுவரலாம். இரு போட்டியாளரும் தத்தம் கட்டளைகளை மறைவாகத் தேர்ந்த பின்னர், வேகம் மிக்கது முதலிலும் வேகம் குறைந்தது பின்னரும் செயல்படும்.

இனங்களின் கணக்கு

போக்கிமான் உலகில் நீர், நெருப்பு, புல், மின்சாரம், பாறை, நிலம், பறவை எனப் பல இனங்கள் உண்டு. 2013-ஆம் ஆண்டு முதல் இவை பதினெட்டு ஆயின. நீர் நெருப்பை அணைக்கும். நெருப்பு புல்லை எரிக்கும். புல் நீரை உறிஞ்சும். வெல்லும் இனத்தின் தாக்குதல் இரு மடங்காகும். தோற்கும் இனத்தின் தாக்குதல் பாதியாகும். சில தாக்குதல்கள் சில இனங்களைத் தொடவே மாட்டா. நிலத்தின் மேல் மின்சாரம் பாயாது. பறவையை நில அதிர்ச்சி எட்டாது.

ஒரு போக்கிமானுக்கு இரண்டு இனங்களும் இருக்கலாம். அப்போது கணக்கைப் பெருக்க வேண்டும். கியாரடோஸ் என்னும் கடல் நாகத்தை எடுத்துக்கொள்வோம். ஆறரை மீட்டர் நீளமும் 235 கிலோ எடையும் கொண்ட இது, நீர், பறவை ஆகிய இரண்டு இனங்களையும் சேர்ந்தது. மின்சாரம் நீரை இரு மடங்கு தாக்கும். பறவையையும் இரு மடங்கு தாக்கும். ஆகவே கியாரடோஸின் மேல் விழும் மின்னல் நான்கு மடங்காக விழும்! அத்தனை பெரிய உருவம் ஓர் அடியில் சாய்ந்துவிடக்கூடும். வலிமை மிக்கவர்க்கும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது என்பதை மறவாதீர்கள்.

இரு வலியோர் சேர்ந்தால் போதுமா?

புதிதாக ஆடுவோர் பெரும்பாலும் செய்வது யாது? தாம் அறிந்தவற்றுள் மிக வலிய இரண்டைப் பொறுக்கி முன்னே நிறுத்துவார்கள். கியாரடோஸுடன் டாலன்ஃபிளேம் என்னும் நெருப்புப் பருந்தை நிறுத்துவதாகக் கொள்வோம். இரண்டும் தனித்தனியே சிறந்தவை. ஆனால் இரண்டுக்கும் பறவை இனம் பொது. ஆகவே மின்சாரமும் பாறையும் இரண்டுக்கும் பகை. எதிரி 'ராக் ஸ்லைடு' என்னும் பாறைச் சரிவை ஏவினால் அது ஒரே நேரத்தில் இருவர் மேலும் விழும். இவ்வாறு பரவும் தாக்குதலின் வலு முக்கால் பங்காகக் குறைந்தாலும், கடல் நாகத்தின் மேல் இரு மடங்காகவும், நெருப்பும் பறவையுமான பருந்தின் மேல் நான்கு மடங்காகவும் அது பெருகும். ஒரு கல்லில் இரு மாங்காய் எதிரிக்குக் கிடைத்துவிடும்.

இவ்விரண்டும் ஒரே அணியின் ஆறு பேரில் இருப்பதில் குற்றமில்லை. ஒரே வேளையில் அருகருகே நிற்பதில்தான் ஆபத்து. ஒரே பலம் கொண்டவர்க்குப் பெரும்பாலும் ஒரே பலவீனமும் இருக்கும். இதுவே நாம் கற்கும் முதல் உண்மை.

துணை நிற்கும் வழிகள்

அப்படியாயின் நல்ல இணை எது? தேர்ந்த ஆட்டக்காரர்கள் கையாளும் வழிகளுள் நான்கை இங்கே காண்போம்.

முதலாவது, துணைக்குத் தீங்கு செய்யாதிருத்தல். கார்ச்சோம்ப் என்னும் நிலத்து டிராகனுக்கு 'எர்த்குவேக்' என்ற நில அதிர்ச்சி வித்தை உண்டு. மிகக் கடுமையான தாக்குதல். ஆனால் அது எதிரிகள் இருவரோடு பக்கத்தில் நிற்கும் நண்பரையும் சேர்த்தே தாக்கும். அருகில் நிற்பது டாலன்ஃபிளேம் போன்ற பறவையாக இருந்தால் அதற்கு ஒரு கீறலும் விழாது. முன்பு பொருந்தாத பருந்து இங்கே நன்கு பொருந்துகிறது, பார்த்தீர்களா? நல்லவர், கெட்டவர் என்று தனியாக எவரும் இல்லை. யாருடன் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது.

இரண்டாவது, துணைக்கு ஏற்ற சூழலை அமைத்துத் தருதல். பொலிடோட் என்னும் தவளை களத்தில் இறங்கினால் மழை பொழியத் தொடங்கும். ஐந்து சுற்றுகள் வரை நீடிக்கும் அம்மழையில் நீர்த் தாக்குதல் ஒன்றரை மடங்காகும். நெருப்புத் தாக்குதல் பாதியாகும். லூடிகோலோ என்னும் மற்றொரு நீர்வாழ் போக்கிமானுக்கு மழையில் வேகம் இரு மடங்காகும் இயல்பு உண்டு. மந்தமாக நடக்கும் லூடிகோலோ, தவளை அருகில் நின்றதும் எதிரிகளை முந்திப் பாய்கிறது.

மூன்றாவது, துணைக்கு நேரம் வாங்கித் தருதல். 'ட்ரிக் ரூம்' என்னும் வித்தை, வேகம் குறைந்தவரை முதலிலும் வேகம் மிகுந்தவரைப் பின்னாலும் செயல்பட வைக்கும். ஆனால் இவ்வித்தை சுற்றின் கடைசியில்தான் நிகழும். அதற்குள் அதனைச் செய்பவரை எதிரிகள் வீழ்த்திவிடலாம் அன்றோ? ஆகவே பக்கத்தில் இன்சினரோர் போன்ற நெருப்புப் பூனை நின்று, களமிறங்கிய முதல் முறையில் மட்டும் செல்லுபடியாகும் 'ஃபேக் அவுட்' என்ற தட்டலால் எதிரிகளுள் ஒருவரைத் திகைத்து நிற்கச் செய்யும். அந்த ஒரு கணத்தில் காரியம் முடிந்துவிடும்.

நான்காவது, துணைக்கு வரும் அடியைத் தான் ஏற்றல். இதுவே நான்கினுள் அரிது. 'ஃபாலோ மீ' என்பது அவ்வித்தையின் பெயர். இதனைச் செய்யும் போக்கிமான், அந்தச் சுற்றில் எதிரிகள் தன் நண்பரை நோக்கித் தொடுக்கும் தாக்குதல்களைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். அவ்வேளையில் தான் யாரையும் தாக்காது. அதன் கணக்கில் ஒரு வெற்றியும் சேராது. அடி மட்டுமே மிச்சம்.

வாஷிங்டன் நகரில் நடந்தது

2014-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்க நாட்டின் தலைநகரான வாஷிங்டனில் உலகப் போட்டி நடைபெற்றது. வயதில் மூத்தோர் பிரிவில் தென் கொரியாவைச் சேர்ந்த சே ஜுன் பார்க் கலந்துகொண்டார். கியாரடோஸ், கார்ச்சோம்ப், டாலன்ஃபிளேம், கார்டெவோயர், கோதிடெல் ஆகிய ஐந்தும் அவர் அணியில் இருந்தன. இவை பிறரும் போற்றிய வலிய போக்கிமான்கள். ஆறாவது எது? பச்சிரிசு!

பெயரைக் கேட்டதும் நமக்குப் பச்சரிசி நினைவுக்கு வரும். உருவமும் ஏறக்குறைய அப்படித்தான்: வெள்ளையும் நீலமுமான ஒரு சிறு மின்சார அணில். உயரம் நாற்பது சென்டிமீட்டர்; எடை 3.9 கிலோ. ஒரு போக்கிமானின் ஆறு அடிப்படைத் திறன்களைக் கூட்டினால் கார்ச்சோம்புக்கு 600, கியாரடோஸுக்கு 540. பச்சிரிசுவுக்கோ 405 தான். உலகப் போட்டிக்கு இதனை அழைத்து வருவார் என்று எவர் எதிர்பார்ப்பார்?

பார்க் கணக்குப் போட்டுத்தான் இதனைத் தேர்ந்தார். கியாரடோஸுக்குப் பெரும் பகை மின்சாரம். பச்சிரிசுவுக்கோ மின்சாரத்தை உண்டு வாழும் இயல்பு உண்டு. தன் மேல் மின்னல் பாய்ந்தால் காயப்படாது. மாறாக, முழு உயிராற்றலில் கால் பங்கு அதற்குத் திரும்பக் கிடைக்கும். அடியைத் திருப்பும் வித்தையும் அதனிடம் உண்டு. ஆகவே நாகத்தை நோக்கி வரும் மின்னலை அணில் தன்பால் இழுத்து உணவாக்கிக்கொள்ளும்! இவ்வித்தை தெரிந்த பிற போக்கிமான்கள் இல்லாமல் இல்லை. டோகெகிஸ் என்பது அணிலினும் வலியது. ஆனால் அதுவும் பறவை இனம். மின்சாரமும் பாறையும் அதற்கும் பகை. நாகத்தின் குறையையே தானும் உடைய ஒன்று நாகத்துக்குக் கவசமாவது எவ்வாறு?

மறுபக்கத்தையும் பார்ப்போம். அணிலுக்கு உள்ள ஒரே பகை நில இனம். கியாரடோஸ் பறவை இனமும் ஆதலால் நிலத் தாக்குதல் அதனைத் தொடாது. நில இனத்தாரை வெல்லும் நீரும் அதன் கையில் உண்டு. மேலும், கியாரடோஸ் களத்தில் இறங்கும்போதே தன் தோற்றத்தால் எதிரிகள் இருவரையும் அச்சுறுத்தி, அவர்களுடைய உடல் தாக்குதலை மூன்றில் இரு பங்காகக் குறைக்கும். சிறியது பெரியதைக் காத்தது போலவே பெரியதும் சிறியதைக் காத்தது. இதுவன்றோ உண்மையான இணை!

அடி வாங்குவது மட்டுமே அணிலின் வேலையன்று. 'நஸ்ஸில்' என்னும் கன்ன உரசலால் எதிரியை மரத்துப்போகச் செய்யும். அன்றைய விதிப்படி மரத்துப்போனவரின் வேகம் கால் பங்காகிவிடும். அப்போது நாகம் முந்திக்கொள்ளும். 'சூப்பர் ஃபேங்' என்னும் கடியோ, எதிரி எவ்வளவு பெரியதாயினும் அப்போதுள்ள உயிராற்றலில் பாதியைக் குறைத்துவிடும். தன் பலத்தைக் கொண்டு அளக்காமல் எதிரியின் அளவைக் கொண்டே அளக்கும் வித்தை இது. சிறியோர்க்கு ஏற்ற கருவி! அதன் உயிராற்றலும் காப்பும் பெருகும்படியே பார்க் அதனைப் பயிற்றுவித்திருந்தார். தாக்கும் வலிமையைப் பற்றிக் கவலை கொள்ளவில்லை.

இறுதி ஆட்டத்தில் எதிரணியினர் ஏவிய 'டிராக்கோ மீட்டியர்' என்னும் கடுந்தாக்குதலை அணில் தன் மேல் ஏற்று, வீழாமல் நின்றது. அரங்கம் ஆரவாரித்தது. முடிவில் பார்க் உலக வெற்றியாளரானார். இன்றும் அப்போட்டியைப் பற்றிப் பேசுவோர் அணிலைச் சொல்லாமல் விடுவதில்லை.

இணையின் எல்லைகள்

இத்துடன் நிறுத்திவிட்டால் பாதி உண்மையே சொன்னவர்கள் ஆவோம். பச்சிரிசுவை எந்த அணியில் சேர்த்தாலும் வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது. தனியே நின்றால் அது எளிய அணில்தான். மின்னலுக்கு அஞ்சும் துணை ஒன்று இல்லாத அணியில் அதன் சிறப்பு இயல்புக்கு வேலை குறைவு. மேலும், பாறைச் சரிவு, நில அதிர்ச்சி போன்று பரவி விழும் தாக்குதல்களை 'ஃபாலோ மீ' திருப்பாது. 'டாண்ட்' என்னும் சீண்டலுக்கு உள்ளான போக்கிமான், அடிக்கும் வித்தைகளை மட்டுமே செய்ய முடியும். அப்போது அணிலால் காக்கவும் இயலாது.

ஒருவரை ஒருவர் முழுவதும் சார்ந்து நிற்பதிலும் இடர் உண்டு. மழைத் தவளையின் எதிரில் வெயிலைக் கொணரும் நைன்டேல்ஸ் என்னும் நரி இறங்கினால் மழை நின்றுவிடும். லூடிகோலோ மறுபடி மந்தமாகிவிடும். ஆகவேதான் தேர்ந்தவர்கள் ஓர் இணையை மட்டும் நம்புவதில்லை. ஆறு பேருக்குள் இரண்டு மூன்று இணைகள் அமையும்படி பார்த்துக்கொள்கிறார்கள். பார்க்கின் அணியில் கார்ச்சோம்பும் கார்டெவோயரும் மற்றோர் இணை. கார்ச்சோம்புக்கு டிராகன் தாக்குதல் பகை. தேவதை இனமான கார்டெவோயரை டிராகன் தாக்குதல் தொடாது. கார்டெவோயருக்கு எஃகும் நஞ்சும் பகை. அவ்விரு இனங்களையும் கார்ச்சோம்பின் நில அதிர்ச்சி நொறுக்கும். ஆயினும் அதிர்ச்சி அருகில் நிற்கும் கார்டெவோயரையும் தாக்குமே! அந்தச் சுற்றில் கார்டெவோயர் 'ப்ரொடெக்ட்' என்னும் காப்பினுள் மறைந்துகொள்ள வேண்டும். நல்ல இணைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் உடன்பாடு தேவை.

நாமே இணை அமைப்பது எப்படி?

தோழியரே, ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகள் இடுங்கள். முதற்பத்தியில் ஒரு போக்கிமானின் பெயரையும், இரண்டாவதில் அது எந்த இனத் தாக்குதல்களுக்கு அஞ்சும் என்பதையும், மூன்றாவதில் எவை அதனைத் தொடா அல்லது பாதியாகவே தாக்கும் என்பதையும் எழுதுங்கள். ஒன்றின் இரண்டாம் பத்தியில் உள்ளவை மற்றொன்றின் மூன்றாம் பத்தியில் இருந்தால் அவை இணையாகத் தக்கவை. பின்னர் மூன்று வினாக்களைக் கேளுங்கள். ஒன்று தாக்கும்போது மற்றொன்றுக்குக் காயம் படுமா? ஒன்று மெதுவானால் மற்றொன்று நேரம் வாங்கித் தருமா? ஒன்று வீழ்ந்தபின் எஞ்சியது தனித்து நிற்குமா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைக்கும் இணை அரிது. கிடைத்தால் விடாதீர்கள்.

இப்பட்டியலை எழுதும்போது ஒன்று விளங்கும். பலத்தை எழுதப் பத்தியே இல்லை! முதலில் குறையைத்தான் எழுதுகிறோம். தன் அணியின் குறையை ஒளிக்காமல் எழுதிப் பார்ப்பவரால்தான் அதற்குத் தக்க துணையைத் தேட முடியும். கியாரடோஸை வெல்ல முடியாத நாகம் என்று பார்க் எண்ணியிருந்தால் அணிலுக்கு அணியில் இடமே கிடைத்திராது.

விளையாட்டின் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. புதிய போக்கிமான்கள் வருகின்றன. பழைய வித்தைகள் சில மறைகின்றன. எனினும், தன்னைப் போன்றவரைத் தேடாமல் தன்னிடம் இல்லாததை உடையவரைத் தேடு என்ற விதி மாறவில்லை. ஓட்டப் பந்தயக் குழுவுக்கும், நாடகக் குழுவுக்கும், அறிவியல் கண்காட்சிக்கும் நாம் பெயர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் மதிப்பெண் பெற்ற இருவரையோ நெருங்கிய தோழியர் இருவரையோதான் நம் கை முதலில் எழுதும். எழுதும் முன் ஒருமுறை அந்தப் பட்டியலை நினைப்போம். பின்வரிசையில் பேசாமல் அமர்ந்திருக்கும் ஒருத்தியிடம் நம் குழுவுக்கு இல்லாதது இருக்கலாம். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். சிறு அணில் உலகப் போட்டியையே வெல்ல உதவியிருக்கிறதே!